கடைசி வரிசையில் மகாராணி

பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு மகாராணி நடந்தே போய் வருவாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு ஊரே பஸ்ஸில் போகும்போது, அவள் மட்டும் வெள்ளனே எழுந்து, தலையில் துண்டைக் கட்டி, பைன் மரக்காட்டு வழியாக இறங்கி ஏறிப் போய்ச் சேருவாள். வழியில் காட்டெருமை நின்றால் ஒதுங்கி நிற்பாள். மழை வந்தால் நனைவாள். பஸ் அவளைக் கடந்து போகும்போது ஜன்னல் வழியாகக் கை ஆட்டுகிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டே கை ஆட்டுவாள். ஏறு என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டுப் பயனில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவளுக்கு வண்டி ஆகாது. மலைப்பாதையில் முதல் வளைவு திரும்பும்போதே வாயில் உப்பு நீர் ஊறும். இரண்டாவது வளைவில் காது அடைக்கும். அதற்குப் பிறகு வயிற்றில் எது இருந்தாலும் இருக்காது. வெறும் வயிற்றோடு ஏறினால் பித்தம் வரும்.

ஐந்தாம் வகுப்பு வரை உள்ளூரில் படித்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று வாத்தியார் சொன்னதால், அப்பா அவளைக் கொடைக்கானல் ஹாஸ்டலில் சேர்க்கக் கூட்டிப் போனார். போய் இறங்கியதும் பிள்ளை கிழிந்த துணி போலத் துவண்டு விழுந்தது. சேர்த்துவிட்டு வந்தார். முதல் விடுமுறைக்கு ஊர் வந்தவள், திரும்பிப் போகும் நாளில் பஸ் சத்தம் கேட்டதும் பேரி மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பஸ் போய்விட்டது. படிப்பும் அதோடு போய்விட்டது. பிறகு அக்காவின் கல்யாணம் ஒட்டன்சத்திரத்தில் நடந்தது. வீட்டில் எல்லாரும் போனார்கள். மாடு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று சொல்லி அவள் இருந்துகொண்டாள். மாட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தார்கள். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

சேனாதிபதியை அவள் பார்த்தது அப்பாவின் கால் முறிந்த வருஷம். அடுக்கு வயலில் சறுக்கி விழுந்த அப்பாவைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தினமும் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். நல்ல மழைக்காலம், காட்டு வழி முழுக்கச் சேறும் அட்டையும். வேறு வழியில்லாமல் பஸ்ஸில் ஏறினாள்.

அந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் சேனாதிபதி. பூண்டி ஊர்க்காரர், ஒல்லியான ஆள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. டிரைவருக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்திருந்த பஞ்சாயத்து ஆபீஸ்காரரிடம் போய், "ஐயா, கொஞ்சம் பின்னாடி வாங்க. அந்தப் புள்ளைக்கு ரோடு தெரியணும்" என்றார்.

"ஏன், ரோடு போடப் போகுதா?" என்றார் ஆபீஸ்காரர்.

"முன்னாடி பாத்துக்கிட்டு வந்தா வாந்தி கம்மியா வரும்ங்க. வந்துச்சுன்னா கழுவுறது நான். நீங்க கழுவுறதா இருந்தா அங்கேயே உக்காந்துக்கங்க."

ஆபீஸ்காரர் எழுந்துவிட்டார். மகாராணி உட்கார்ந்தாள். அப்படியும் வாந்தி வந்தது, ஆனால் வழக்கத்தில் பாதிதான். அவர் முகம் சுளிக்கவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஓரத்து மணலை அள்ளிவந்து தூவி, தேங்காய் மட்டையால் தள்ளிவிட்டார். மறுநாள் அதே சீட்டில் ஒரு துண்டு கிடந்தது. யாரையும் அதில் உட்கார விடவில்லை. ஏறியதும் சட்டைப் பையிலிருந்து காய்ந்த ஆரஞ்சுத் தோலை எடுத்து நீட்டினார். "மோந்து பாரு. ஆடலூர்ப் பழம்" என்றார். அப்பா வீடு திரும்பும் வரை அந்த சீட்டு அவளுக்கென்றே இருந்தது.

அடுத்த தையில் அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். ஊரே சிரித்தது. மகாராணிக்குச் சேனாதிபதி மாப்பிள்ளை என்றால் சிரிக்க மாட்டார்களா? கல்யாணம் பூம்பாறை முருகன் கோயிலிலேயே நடந்தது. பூண்டிக்கு மருமகளாகப் போக வேண்டியவள், போகவில்லை. அந்தப் பாதையில் வளைவு இன்னும் அதிகம். "நான் இங்கேயே இருந்துக்கறேன். பஸ்ஸும் இங்கதான ராத்திரி நிக்குது" என்று சேனாதிபதி மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்று டீக்கடையில் சொன்னவர்களுக்கு அவர் பதில் சொன்னதே இல்லை.

ஒரே மகள், சத்தியபிரியா. அம்மாவின் வயிறு அவளுக்கு வரவில்லை. கொடைக்கானல் மிஷன் பள்ளியிலும், பிறகு திண்டுக்கல்லில் நர்ஸ் படிப்பிலும் சேர்ந்து படித்தாள். பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கேயே கம்பெனி வேலையில் இருந்த வத்தலக்குண்டுப் பையன் பிரதீப்போடு கல்யாணமும் ஆனது. அதுவும் பூம்பாறைக் கோயிலில்தான். அம்மா வர முடியாத இடத்தில் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மகள் படித்த பள்ளியை மகாராணி நடந்து போய்ப் பார்த்திருக்கிறாள். திண்டுக்கல் காலேஜைப் பார்த்ததில்லை. சேனாதிபதி போய்வந்து சொல்லுவார். கட்டில் எந்தச் சுவரோரம் போட்டிருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் என்ன மரம், மெஸ்ஸில் சாம்பார் எப்படி என்று ஒன்று விடாமல் சொல்லுவார். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாள். இடையில், "ஜன்னலுக்குக் கம்பி இருக்கா?" என்பாள். அடுத்த முறை போகும்போது அவர் அதைப் பார்த்துக்கொண்டு வருவார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சத்தியபிரியா உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறகு பூம்பாறையில் பிரசவம் என்று பேசி வைத்திருந்தார்கள். ஆனி மாதக் கடைசியில் அவளிடமிருந்து போன் வந்தது.

"பிரஷர் கூடிருச்சும்மா. டாக்டர் பயணம் கூடாதுன்னுட்டாங்க. இங்கயே பாத்துக்கறோம்."

"யாரு பாத்துக்குவா?"

"நான் நர்ஸும்மா. எங்க ஆஸ்பத்திரியிலதான். அவரும் லீவு போடறாரு."

"நீ படுத்துக் கெடக்கறப்ப நீயே உனக்கு நர்ஸா?"

சத்தியபிரியா மெதுவாகச் சொன்னாள்: "நீ கவலப்படாதம்மா. உன்னால வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் நெனச்சுக்கல."

ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்று மகள் சொன்னதுதான் மகாராணியை உலுக்கியது. போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றாள். வயலில் பூண்டுத் தாள்கள் காற்றில் படுத்து எழுந்துகொண்டிருந்தன. திரும்பி வந்து, "நான் வாரேன்னு சொல்லுங்க" என்றாள்.

சேனாதிபதி போனைக் கையால் மூடிக்கொண்டார். "ரெண்டு ராத்திரி ரயிலு, புள்ள."

"ரயிலோ பிளேனோ. வாந்தி எடுத்து யாரும் செத்ததில்ல. சொல்லுங்க."

ரயிலில் இடம் கிடைக்கவில்லை. காத்திருப்புப் பட்டியல் நீண்டு கிடந்தது. கோயம்புத்தூரிலிருந்து பம்பாய்க்கு நேராகப் போகும் மலிவு விமானம் ஒன்று இருக்கிறது, டிக்கெட் எடுத்துவிடலாம் என்று பிரதீப் சொன்னான். "என் பொண்டாட்டிய நான் கூட்டிட்டு வாரேன் மாப்பிள்ள, டிக்கெட் நான் போட்டுக்கறேன்" என்று சேனாதிபதி சொல்லிவிட்டு, கொடைக்கானல் பஜாரில் இருக்கும் ஜாசிமின் கடைக்குப் போனார்.

ஜாசிம் கம்ப்யூட்டர் வைத்து பஸ், ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவன். அவனுடைய அத்தா மசாலாக் கடை வைத்திருந்த காலத்திலிருந்து சேனாதிபதிக்குப் பழக்கம். பெயர், வயசு எல்லாம் அடித்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினான். சின்னச் சின்னக் கட்டங்களாக விமானத்தின் படம் தெரிந்தது.

"அண்ணே, சீட்டு செலக்ட் பண்ணணுமா, வேணாமா?"

"சீட்டு இல்லாமலா டிக்கெட் குடுப்பாங்க?"

"சீட்டு குடுப்பாங்க. எதுன்னு அவங்க இஷ்டம். நமக்கு இதுதான் வேணும்னு கேட்டா தனிக் காசு. ஜன்னலுக்குக் காசு, முன்னாடிக்கு அதவிடக் காசு. சாப்பாடு வேணும்னா அதுக்கும் தனி. பெட்டி வெயிட்டு கூடுனா அதுக்கும்."

சேனாதிபதி நாற்காலியில் நிமிர்ந்தார். "எலே ஜாசிம், இத்தன வருஷம் நான் வண்டியில போறேன். முன் சீட்டு யாருக்கு? வயித்துப் பிள்ளக்காரிக்கு, வாந்தி எடுக்கறவங்களுக்கு, கண்ணு தெரியாதவங்களுக்கு. அதுக்கு எவனாச்சும் காசு வாங்குவானா?"

"நீங்க வாங்க மாட்டீங்கண்ணே. இவங்க வாங்குவாங்க."

சேனாதிபதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டங்களின் நிறம் முன்னால் ஒன்றாகவும் பின்னால் ஒன்றாகவும் இருந்தது. கடைசியில், "மொத வரிசையில அவளுக்குப் போடு. ஜன்னலு" என்றார்.

"உங்களுக்கும் பக்கத்துலயே போட்ருவோமா?"

"எனக்கு எதுக்குடா? நான் நின்னுக்கிட்டே வந்துருவேன்."

ஜாசிம் சிரித்துவிட்டான். "பிளைட்ல நிக்க விட மாட்டாங்கண்ணே."

"அப்ப அவங்களே பாத்து ஒண்ணு குடுக்கட்டும். அவகிட்ட இந்தக் காசு கதையெல்லாம் சொல்லாத. வேணாம்னுருவா."

ஆடி பிறந்து முதல் வாரம் கிளம்பினார்கள். மகாராணி முந்தின நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் பஸ்ஸில் சேனாதிபதி தெரிந்த கண்டக்டரிடம் சொல்லி முன் சீட்டு வாங்கிக் கொடுத்தார். அவர் வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். இடம் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமே இல்லை. வளைவுகளில் அவள் தலையைத் தன் இடுப்போடு சாய்த்துக்கொண்டார். பழனி வந்து சேர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனால் கால் ஊன்றி இறங்கினாள். "மலை முடிஞ்சிருச்சுல்ல?" என்று மட்டும் கேட்டாள். கோயம்புத்தூர் போய்ச் சேரும் வரை களைப்பில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் வைத்ததும் கவுண்டரில் இருந்த பெண், "சார், வெயிட் கூடுதலா இருக்கு. கட்டணும்" என்றாள்.

பெட்டியில் கனம் ஒன்றும் இல்லை. அதோடு இருந்த கோணிப்பைதான். முழுக்கப் பூண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற மலைப்பூண்டைப் போல எதுவும் இல்லை என்பது மகாராணியின் எண்ணம். இருந்ததில் நல்ல பூண்டாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டியிருந்தாள்.

"இது மருந்தும்மா. எம் மக பிரசவத்துக்கு" என்றார் சேனாதிபதி.

"எதுவா இருந்தாலும் வெயிட்டுதான் சார் கணக்கு."

"மனுசனுக்கு டிக்கெட் எடுத்தாச்சு, அவன் சாமானுக்குத் தனியா…" என்று அவர் குரலை உயர்த்தத் தொடங்கியதும், மகாராணி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். வெளுத்த முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"ஏங்க, ஊர்க்காரன் பூண்டு மூட்டைக்கெல்லாம் லக்கேஜ் டிக்கெட் கிழிச்ச ஆளுதான நீங்க? எங்கப்பன் மூட்டைக்கே போட்டீங்களே. அந்தப் புள்ள அதோட சோலியப் பாக்குது. விடுங்க."

மகாராணி கோணிப்பையைத் தரையில் அவிழ்த்தாள். மலைக்காரர்கள் எங்கே போனாலும் ஸ்வெட்டரோடுதான் போவார்கள். அவள் ஸ்வெட்டர் பைகள் இரண்டிலும் பூண்டை நிரப்பினாள். கணவரின் கோட்டுப் பைகள், உள் பை, குரங்குக் குல்லா எல்லாவற்றிலும் திணித்தாள். மீதியைக் கைப்பையில் போட்டாள். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மறுபடி தராசில் வைத்ததும் கவுண்டர்ப் பெண் எடையைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், சீட்டுகளை நீட்டினாள். உடம்பெல்லாம் புடைத்துக்கொண்டு இருவரும் உள்ளே நடந்தார்கள்.

விமானத்தில் ஏறியதும் மகாராணியை முதல் வரிசையில் உட்கார வைத்து, பெல்ட்டைக் கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சேனாதிபதி நடந்துகொண்டே போனார்.

"நீங்க எங்க போறீங்க?"

"எனக்குப் பின்னாடி. நீ முன்னாடியே பாத்துக்கிட்டு வா. கண்ண மூடாத."

அவள் எட்டிப் பார்த்தாள். அவர் போய்க்கொண்டே இருந்தார். கடைசி வரிசை வரை போனார்.

முன்னால் பார்க்க ஒரு சுவர்தான் இருந்தது. ரோடு எதுவும் தெரியவில்லை. மகாராணி ஒரு கையில் எலுமிச்சம்பழத்தையும் மறு கையில் பிளாஸ்டிக் பையையும் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். விமானம் ஓடியது, தூக்கியது. காது அடைத்தது. இதோ வரும் என்று பையை விரித்தாள். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை விரித்தாள். அப்போதும் வரவில்லை. ஆடிக் காற்றில் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. பக்கத்தில் இருந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். மகாராணியின் வயிறு அசையாமல் இருந்தது.

அவளால் நம்ப முடியவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து நகர்கிற எதன் மீது ஏறினாலும் தன் உடம்பு தனக்கு எதிராகத் திரும்பும் என்றே வாழ்ந்தவள். மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். கீழே வெள்ளையாக மேகம். பூம்பாறையில் விடிகாலையில் பள்ளத்தில் கிடக்கும் மஞ்சு போலவே இருந்தது. அதன் மேல் வெயில் அடித்தது. அவளுக்குப் பசித்தது. வண்டியில் போகும்போது பசிக்கும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

மறுபடியும் குலுக்கல். இந்த முறை சற்றுப் பெரிது, விமானம் பள்ளத்தில் விழுந்ததுபோல இறங்கி எழுந்தது. அது அடங்கிய பிறகு பின்னாலிருந்து ஓர் ஆள் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், பம்புசெட் கம்பெனியில் விற்பனை வேலை என்பது பிறகு தெரிந்தது. எல்லாரையும் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்:

"இங்க மகாராணிங்கறது யாருங்க? சேனாதிபதி கூப்புடறாருங்க!"

சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். மகாராணி பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் இழுத்தாள். பக்கத்து அம்மாள் கழற்றிவிட்டாள்.

கடைசி வரிசையில் சேனாதிபதி காகிதப் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஓடுகிற பஸ்ஸில், ஆயிரம் வளைவில், ஒரு கையால் டிக்கெட் கிழித்துக்கொண்டு நின்ற மனிதர். உட்கார வைத்து இடுப்பைக் கட்டியதும் அவர் உடம்பு என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறிப் போயிருந்தது.

"எனக்கு என்னமோ பண்ணுது மகாராணி. எல்லாம் முடிஞ்சிருச்சு போல."

"ஒண்ணும் முடியல. கொமட்டுது, அம்புட்டுதான்." கூப்பிட வந்தவர் விட்டுப்போன பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்து, கணவரின் சட்டை மேல் பொத்தானைக் கழற்றினாள். "கண்ணத் தொறங்க. மூடுனா சுத்தும். அந்த வெளக்கையே பாருங்க. வாயால மூச்சு விடுங்க. நெஞ்ச நிமித்தாதீங்க, குனிஞ்சே இருங்க." எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்தாள். காதுக்குப் பின்னால் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள். இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் இதுவரை இன்னொருவருக்குச் செய்யும் நிலையில் அவள் இருந்ததே இல்லை.

விமானப் பணிப்பெண் வந்தாள். தண்ணீர் கேட்டதற்கு, பாட்டில் விலைக்குத்தான் என்று சைகையும் இங்கிலீஷுமாகச் சொன்னாள். பம்புசெட்காரர் தமிழில் சொன்னார்.

"தண்ணிக்குமா காசு?" என்று சேனாதிபதி குனிந்தபடியே முனகினார்.

"நீங்க பேசாம இருங்க." மகாராணி காசு எடுக்க ஸ்வெட்டர் பையில் கைவிட்டாள். பூண்டுதான் வந்தது. மறுபடி விட்டாள், மறுபடியும் பூண்டு. மடியில் பூண்டு குவிந்த பிறகு அடியிலிருந்து சுருக்குப்பை வந்தது. பணிப்பெண் அதற்குள் ஒரு காகிதக் குவளையில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்துவிட்டாள். காசு வேண்டாமென்று தலையசைத்தாள். பிறகு முன்பக்கம் கை காட்டி ஏதோ சொன்னாள்.

"நீங்க உங்க சீட்டுக்குப் போகோணுமாமுங்க" என்றார் பம்புசெட்காரர். "இவிய பாத்துக்கறாங்களாமா."

"நான் இங்கயே இருக்கேன்னு சொல்லுங்க. அந்த சீட்ட நீங்க எடுத்துக்கங்க."

அவர் கேட்டார். பணிப்பெண் மறுத்தாள். "அதுல நானு உக்கார முடியாதுங்க. அது காசு கட்டுன சீட்டுங்களாமா. தனியாக் காசு கட்டியிருக்குது, சும்மா விடறீங்களேன்னு கேக்கறாங்க."

மகாராணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "அந்த சீட்டுக்குத் தனியா காசு குடுத்தீங்களா?"

சேனாதிபதி, மூடக் கூடாது என்று சொன்ன கண்களை மூடிக்கொண்டார். "முன்னாடி உக்காந்தா உனக்குக் கொமட்டாதுன்னு…"

"உங்களுக்கு?"

"நமக்கு என்ன, எங்க நின்னா என்ன."

அவள் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவர் வாயைத் துடைத்தாள். மீசையை, கழுத்தை, நெற்றியைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. பணிப்பெண் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் போய்விட்டாள். பம்புசெட்காரர் நாலு வரிசை முன்னால் காலியாக இருந்த ஒரு நடு சீட்டில் போய் உட்கார்ந்தார். காசு கட்டிய முதல் வரிசை ஜன்னல் சீட்டு பம்பாய் வரைக்கும் யாரும் இல்லாமல் பறந்தது.

இறங்குவதற்குள் அவருக்கு இன்னும் சில முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். கடைசியில் களைத்துப்போய் அவள் தோளில் சாய்ந்து தூங்கினார். அவள் தன் கைப்பையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கையாலேயே, மிளகாய்ப்பொடி சிந்தாமல், முழுவதும் சாப்பிட்டாள்.

பிரதீப் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனான். சத்தியபிரியா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காலும் முகமும் வீங்கியிருந்தன. கதவு திறந்ததும் பூண்டு வாசம்தான் முதலில் உள்ளே வந்தது. அவள் எழப் பார்த்தாள்.

"எந்திரிக்காத. படு" என்றாள் மகாராணி.

"அம்மா… எப்படிம்மா வந்த? எத்தன தடவ ஆச்சு?"

"எனக்கு மலையில மட்டுந்தான். பிளேன்ல உங்கப்பாவுக்கு."

சத்தியபிரியா அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசலிலேயே, குல்லா நிறையப் பூண்டோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்காமல் அழுகையானது. "வயித்தக் குலுக்காத" என்று அம்மா அதட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் சேனாதிபதிக்கு லீவு முடிந்தது. ரயிலில் ஓர் இடம் கிடைத்தது. விமானம் வேண்டவே வேண்டாமென்று அதில் ஊர் திரும்பினார். ஆவணியில் பேத்தி பிறந்தாள். கொஞ்சம் முன்கூட்டியே பிறந்துவிட்ட பிள்ளை, கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தாள். ஆனால் அழுகை பலமாக இருந்தது. மகாராணி பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, பாலில் வேகவைத்து, குழம்பாக வைத்து மகளுக்குக் கொடுத்தாள். பக்கத்து வீடுகளில் அவளுக்குப் பாஷை தெரியவில்லை, ஆனாலும் ஒரு மாதத்துக்குள் மகள் குடியிருந்த மூன்றாம் மாடியில் எல்லாருக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் பிரதீப்போடு போய்க் கடலைப் பார்த்தாள். மின்சார ரயிலில் போனாள். எதிலும் வயிறு புரளவில்லை. மலை வளைவுக்கு மட்டும்தான் தன் உடம்பு பயப்படுகிறது, உலகத்துக்கெல்லாம் இல்லை என்பதை அவள் அங்கேதான் கண்டுகொண்டாள்.

ஐப்பசியில் அவள் தனியாக விமானத்தில் திரும்பினாள். சீட்டு எது வேண்டும் என்று பிரதீப் கேட்டதற்கு, "காசு கேக்காத சீட்டு எதுவோ அது" என்றாள். கோயம்புத்தூரில் சேனாதிபதி விடிந்ததிலிருந்தே காத்திருந்தார். வெளியே வந்தவளின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். முகம் தெளிவாக இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"வாந்தி வந்துச்சா?"

"நல்லாத் தூங்கிட்டேங்க. இறங்கணும்னு பிளேன்ல வேல பாக்கற புள்ள வந்து எழுப்புச்சு."

பழனி பஸ்ஸில் அவளை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அவர் வழக்கம்போல நிற்கப் போனார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சமவெளிதான், நேரான ரோடு. அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேத்தி எப்படிக் கொட்டாவி விடுகிறாள், எந்தப் பக்கம் திரும்பித் தூங்குகிறாள், யார் குரலுக்குச் சிரிக்கிறாள் என்று அவள் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே வந்தார்.

உடுமலைப்பேட்டை தாண்டியதும், "இனி எப்ப போகணும்?" என்று கேட்டார்.

"பல்லு மொளைக்கறப்ப போகணுங்க. பாப்பா ரொம்பப் படுத்தும்."

"நானும் வாரேன்."

"வாங்க." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நீங்க ரெண்டு நாளு முன்னாடியே ரயில்ல கெளம்பிருங்க. நான் பிளேன்ல வெரசாப் போயி, நீங்க வந்து சேரறதுக்குள்ள சோறாக்கி வைக்கிறேன்."